தந்தையரும் பள்ளிக்கூடமும்

நெசவாளர் இல்லத்திலும் உழவர் இல்லத்திலும் தந்தையும் பிள்ளைகளும் ஒருவரையொருவர் காணாத நாள் இல்லை. தொலைதூர அலுவலகங்களில் பணிபுரிவோரைப் போல நம் அங்கத்தினர்கள் பொழுது விடியுமுன் வெளியேறி இரவில் திரும்புகிறவர்கள் அல்லர். தறி வீட்டிற்குள்ளேயே இருக்கிறது. வயலும் பெரும்பாலும் நடந்து செல்லும் தூரத்திலேயே இருக்கிறது. ஆகவே, பிள்ளைகளோடு தந்தை நெருங்கிப் பழக வேண்டும் என்னும் அறிவுரை நமக்கு வேண்டுவதில்லை என்று சிலர் கருதக்கூடும்.

சற்று ஆராய்ந்தால் உண்மை வேறாக இருக்கக் காணலாம். ஒரே கூரையின்கீழ் இருப்பது ஒன்று. ஒருவரையொருவர் அறிந்திருப்பது மற்றொன்று. தறியில் அமர்ந்திருக்கும் தந்தை தம் மகனிடமோ மகளிடமோ நாள்தோறும் பேசும் சொற்களை எண்ணிப் பார்த்தால், "தார் எடுத்து வா", "இழை அறுந்திருக்கிறதா பார்", "கடைக்குப் போய் வா" என்பன போன்ற ஏவல்களே அவற்றிற் பெரும்பகுதியாக இருக்கும். உழவர் வீட்டில் "மாட்டை அவிழ்த்துக் கட்டு", "மடையைப் பார்த்து வா" என்பன அவற்றின் இடத்தைப் பிடிக்கும். இவற்றில் குற்றம் ஒன்றுமில்லை. வீட்டு வேலையிற் பிள்ளைகள் கைகொடுப்பது நல்ல பழக்கமே. ஆயினும், ஏவலால் மட்டும் வளரும் உறவு, வேலை வாங்குவோருக்கும் வேலை செய்வோருக்கும் உள்ள உறவாகவே நின்றுவிடுகிறது. நாளை அப்பிள்ளை வேறு தொழிலுக்கோ வேறு ஊருக்கோ சென்றபின் ஏவுவதற்கு ஒன்றும் இராது. அப்பொழுது பேசுவதற்கும் ஒன்றும் இராது. வயதான காலத்தில் பிள்ளைகளோடு நாலு வார்த்தை பேச வகையறியாமல் திண்ணையில் வாளாவிருக்கும் தந்தையர் நம் ஒவ்வோர் ஊரிலும் இருக்கின்றனர்.

ஐந்து வயது முதல் பிள்ளையின் பகற்பொழுது பள்ளிக்கூடத்திலேயே கழிகிறது. அதன் நட்பும் பகையும், அச்சமும் வெற்றியும் அங்கேயே நிகழ்கின்றன. அப்பகுதி தந்தைக்கு அறியாத ஊராகவே இருந்துவிட்டால், பிள்ளையைப் பாதியளவே அவர் அறிந்தவர் ஆவார். அந்த ஊருக்குள் நுழையும் வழி, பள்ளிக்கூடத்துச் செயல்களில் தந்தை தாமும் பங்குகொள்வதே ஆகும். அதனை எவ்வாறு செய்வது என்பதை இக்கட்டுரையில் விளக்குவோம்.

தந்தையர் ஏன் செல்வதில்லை?

பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்றால் தாய்மார்களே மிகுதியாக வருவதைக் காண்கிறோம். தந்தையர் வராமைக்குப் பொதுவாகக் கூறப்படும் காரணம் நேரமின்மை. நெசவுக்கூலி நெய்த அளவுக்குத் தக்கவாறு கிடைப்பது. அரை நாள் தறியை நிறுத்தினால் அரை நாள் வருவாய் போயிற்று. இது மெய்யான காரணமே.

ஆனால் வெளியிற் சொல்லப்படாத மற்றொரு காரணமும் உண்டு. அது கூச்சம். நான்காம் வகுப்போ ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் பலர். ஆசிரியர் முன்னிலையில் நின்று பேசவும், நீட்டிய தாளைப் படித்துக் கையொப்பம் இடவும் அவர்கள் தயங்குகின்றனர். தம் அறியாமை பிள்ளையின் கண்முன் வெளிப்பட்டுவிடுமோ என்று அஞ்சுகின்றனர். மேலும், தந்தையைப் பள்ளிக்கு அழைப்பது ஏதேனும் புகார் சொல்வதற்காகவே என்னும் எண்ணமும் நெடுநாளாக வேரூன்றியிருக்கிறது. "உன் அப்பாவை அழைத்து வா" என்ற சொல்லைக் கேட்டுப் பிள்ளையும் நடுங்குகிறது. தந்தையும் சினத்தோடே செல்கிறார். அப்படிச் செல்லும் ஒரே பயணம் உறவை வளர்க்குமோ?

கூச்சத்திற்கு இடமில்லை என்பதே நாம் கூற விரும்புவது. பாடத்தைக் கற்பிக்கத் தந்தை அங்கே செல்லவில்லை. அதற்கு ஆசிரியர் இருக்கிறார். தம் பிள்ளை எங்கே அமர்கிறது, யாரோடு விளையாடுகிறது, எதில் மகிழ்கிறது என்பதைக் காணவே அவர் செல்கிறார். அதற்குப் படிப்பு வேண்டுவதில்லை.

தொழிலுக்கு அழைத்தலும் பள்ளிக்குச் செல்லுதலும்

நம் தொழில்களுக்கும் பள்ளிக்கூடத்திற்கும் இடையே பழைய பிணக்கு ஒன்று உண்டு. காஞ்சிபுரப் பட்டில் உடலுக்கும் கரைக்கும் வெவ்வேறு ஊடை இட்டுக் கோர்வை நெய்வதற்கு நெசவாளருடன் துணையாள் ஒருவரும் வேண்டும். முன்னாளில் அவ்வேலையைப் பெரும்பாலும் சிறுவர்களே செய்து வந்தனர். வீட்டில் கையாள் குறைந்தபோதெல்லாம் பள்ளியிலிருந்து பிள்ளையை நிறுத்துவது வழக்கமாயிருந்தது.

1953ஆம் ஆண்டில் இராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, சென்னை இராஜ்யத்தின் கிராமத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு புதிய திட்டம் கொண்டுவரப்பட்டது. நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் மட்டுமே பள்ளி; எஞ்சிய வேளையில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பயில வேண்டும் என்பது அதன் சாரம். குலத்தொழிலோடு பிள்ளைகளைப் பிணைத்துவிடும் என்று அதற்கு நாடெங்கும் கடும் எதிர்ப்பு எழுந்தது. 1954இல் காமராஜர் முதலமைச்சரானதும் அத்திட்டம் கைவிடப்பட்டது.

இதிலிருந்து நாம் அறியத்தக்கது ஒன்று உண்டு. பிள்ளையைப் பள்ளியிலிருந்து தறிக்கு அழைப்பது ஒரு திசை. தந்தை தறியிலிருந்து பள்ளிக்குச் செல்வது மற்றொரு திசை. முன்னதில் பிள்ளையின் உலகம் சுருங்குகிறது. பின்னதில் தந்தையின் உலகமும் பிள்ளையின் உலகமும் சேர்ந்தே விரிகின்றன. இன்று சட்டமும் இதனைத் தெளிவாக்கியிருக்கிறது. 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வி அளிக்கும் 2009ஆம் ஆண்டுச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. 14 வயது நிறையாத பிள்ளைகளை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது என்று 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் கூறுகிறது. பள்ளி நேரத்திற்குப் பின்பும் விடுமுறையிலும் அபாயமில்லாத சிறு உதவிகளைக் குடும்பத்திற்குச் செய்வதற்கு அது இடமளிக்கிறது.

ஆராய்ச்சி கூறுவது

தந்தையின் பங்கினால் பிள்ளைக்கு நன்மை உண்டாகிறதா என்பதை மேனாட்டார் ஆராய்ந்திருக்கின்றனர். அமெரிக்க நாட்டுக் கல்விப் புள்ளிவிவர நிலையம் 1996இல் குடும்பங்களிடையே விசாரணை நடத்தி, 1997இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. தந்தையின் ஈடுபாட்டை அளக்க அவர்கள் எடுத்துக்கொண்ட செயல்கள் நான்கு: பள்ளியின் பொதுக்கூட்டத்திற்குச் செல்லுதல், ஆசிரியரைத் தனியே கண்டு பேசுதல், விழா அல்லது விளையாட்டு நிகழ்ச்சிக்குச் செல்லுதல், பள்ளிக்குத் தொண்டு செய்தல். இந்நான்கில் மூன்றையேனும் செய்த தந்தையரை ஈடுபாடு மிக்கவர் என்று கொண்டனர்.

இவற்றுள் ஒன்றேனும் படித்தவருக்கு மட்டுமே உரியது அன்று என்பதைக் கவனிக்க வேண்டும். இத்தகைய தந்தையரின் பிள்ளைகள் உயர்ந்த மதிப்பெண் பெறுவதும், பள்ளியை விரும்பிச் செல்வதும் மிகுதியாகவும், அதே வகுப்பில் மீண்டும் படிக்க நேர்வது குறைவாகவும் காணப்பட்டன. தாயின் ஈடுபாட்டைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பின்னும் தந்தையின் ஈடுபாட்டிற்குத் தனிப் பயன் இருந்தது. இத்தகைய விசாரணையைக் கொண்டு ஒன்றினாலேயே மற்றொன்று விளைந்தது என்று அறுதியிட்டுக் கூற இயலாது. நன்றாகப் படிக்கும் பிள்ளையின் பள்ளிக்குத் தந்தை மகிழ்ந்து செல்வதும் இயல்பே. எனினும், இரண்டும் சேர்ந்தே காணப்படுகின்றன என்பதில் ஐயமில்லை.

நம் தொழிலறிவே பாடம்

பள்ளிக்கூடத்திற்குக் கொண்டு செல்ல நம்மிடம் என்ன இருக்கிறது என்று அங்கத்தினர் கேட்கலாம். நூலின் நம்பரை எடுத்துக்கொள்வோம். பருத்தி நூலில் ஒரு சிட்டத்தின் நீளம் 840 கஜம். ஓர் இராத்தல் எடையில் எத்தனை சிட்டம் அடங்குகிறதோ அதுவே அந்நூலின் நம்பர். ஆகவே 40ஆம் நம்பர் நூல் ஓர் இராத்தலில் 33,600 கஜம் இருக்கும். இதனை மீட்டராக்கினால் 30 கிலோமீட்டருக்குச் சற்று மேலாகும். 80ஆம் நம்பராயின் அதே எடையில் நீளம் இருமடங்கு. நூலோ அந்த அளவுக்கு மெல்லியது.

பெருக்கலும், அளவை மாற்றமும், ஒன்று பெருக மற்றொன்று சிறுகும் எதிர்விகிதமும் இந்த ஒரு சிட்டத்திற்குள் அடங்கியிருக்கின்றன. ஐந்தாம் வகுப்பு மாணவன் பலகையில் போடும் கணக்கைத் தந்தை விரல் நுனியால் நூலைத் தொட்டே சொல்லிவிடுகிறார். இதைத் தன் வகுப்பார் முன்னிலையில் காணும் பிள்ளைக்குத் தந்தையின்மீது உண்டாகும் மதிப்பு, ஆயிரம் அதட்டலினால் உண்டாகாதது. அன்று அப்பிள்ளை தந்தையை ஏவுகிறவராகக் காணாமல் அறிந்தவராகக் காண்கிறது.

இதற்கு வாய்ப்பான நாளும் இருக்கிறது. 1905ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் தொடங்கிய சுதேசி இயக்கத்தின் நினைவாக, 2015 முதல் ஆண்டுதோறும் அந்நாள் தேசியக் கைத்தறி நாளாகக் கொண்டாடப்படுகிறது. முதற் கொண்டாட்டம் சென்னையிலேயே நடைபெற்றது. அந்நாளில் தலைமையாசிரியரின் இசைவு பெற்று, நாடா, தார், அச்சு, விழுது ஆகியவற்றையும் பாதி நெய்த துணித்துண்டு ஒன்றையும் வகுப்பறைக்கு எடுத்துச் சென்று அரைமணி நேரம் விளக்கலாம். விளக்கத் தந்தையும், பொருள்களை எடுத்துக் கொடுக்கப் பிள்ளையுமாக நிற்பார்களாயின் மிகவும் நன்று.

உழவர்களுக்குப் பள்ளித் தோட்டம் இருக்கிறது. பள்ளி ஜூன் மாதம் திறக்கிறது. ஜூலை நடுவில் ஆடி பிறக்கிறது. ஆடிப் பட்டத்தில் விதைப்பதற்கு இதைவிடப் பொருத்தமான வேளை இல்லை. 3 மீட்டர் நீளமும் ஒன்றரை மீட்டர் அகலமும் உள்ள பாத்தியில், வெண்டைக்கு வரிசை இடைவெளி 45 சென்டிமீட்டர், செடி இடைவெளி 30 சென்டிமீட்டர் விட்டால் எத்தனை செடி நடலாம் என்று பிள்ளைகளையே கேட்க வேண்டும். மூன்று வரிசையில் பத்துப் பத்தாக 30 செடி என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். ஏறக்குறைய 45 நாட்களில் காய் பறிக்கத் தொடங்கலாம். அதுவரை பொறுக்க மாட்டாத சிறு பிள்ளைகளுக்காகப் பாத்தியின் ஒரு மூலையில் கீரை விதைத்தால் ஒரு மாதத்திற்குள் பறித்துவிடலாம்.

ஒன்றை மட்டும் மறக்கலாகாது. பள்ளித் தோட்டத்தில் தந்தை மேஸ்திரியாக நின்றுவிடக் கூடாது. செடி சற்றுக் கோணலாக நடப்பட்டால் நட்டமில்லை. பிள்ளை சொல்லத் தந்தை குழி தோண்டுவதே அங்கே அழகு.

வீட்டில் செய்யக்கூடியவை

பள்ளிக்குச் செல்வது ஆண்டில் சில நாட்களே. மற்ற நாட்களில் பள்ளியைப் பற்றிய பேச்சு வீட்டில் நடைபெற வேண்டும். "எத்தனை மார்க்கு?" என்பதே பல தந்தையர் அறிந்த ஒரே கேள்வி. அதற்கு ஓர் எண்ணே விடை. அத்தோடு பேச்சு முடிந்தது. "இன்று யார் பக்கத்தில் உட்கார்ந்தாய்? என்ன விளையாடினீர்கள்? ஆசிரியர் சொன்னதில் புதிதாக என்ன இருந்தது?" என்று கேட்டால் பிள்ளை கதைபோலச் சொல்லத் தொடங்கும்.

தறியில் இருந்தவாறே பிள்ளையை அருகில் அமர்த்திப் பாடத்தை உரக்கப் படிக்கச் சொல்லலாம். தறியோசை சற்று நிற்க வேண்டியிருக்கும். கால்மணி நேரம் நின்றால் குடி முழுகிவிடாது. எழுத்தறியாத தந்தை கேட்டுவிட்டு, "இதற்கு என்ன பொருள்? எனக்கு விளங்கச் சொல்" என்று கேட்கட்டும். பிறருக்கு விளக்கிச் சொல்லும்போதுதான் பாடம் நெஞ்சிற் பதிகிறது என்பதை ஆசிரியர் யாவரும் அறிவர். இவ்விடத்தில் தந்தையின் அறியாமையே பிள்ளைக்கு உதவியாக முடிகிறது.

பள்ளியிலிருந்து புகார் வந்தால் கை ஓங்குவதற்குமுன் பிள்ளையின் கூற்றை முழுவதும் கேட்க வேண்டும். ஒருமுறை அடிபட்ட பிள்ளை மறுமுறை உண்மையை மறைக்கக் கற்றுக்கொள்கிறது.

பெண்மக்களைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை. மகள் சிறுமியாக இருக்கும்வரை பள்ளிக்கு அழைத்துச் செல்லும் தந்தை, அவள் பருவம் எய்தியபின் எல்லாவற்றையும் தாயிடம் விட்டு ஒதுங்கிவிடுகிறார். மேற்கொண்டு படிக்க வைப்பதா, நிறுத்துவதா என்னும் கேள்வி எழும்போது மட்டும் முடிவு கூற முன்வருகிறார். மகளின் ஆசிரியரோடு ஒருமுறையும் பேசாமல், அவள் எந்தப் பாடத்தில் சிறந்தவள் என்பதையும் அறியாமல் அம்முடிவை எடுப்பது எப்படி நியாயமாகும்? ஒன்பது, பத்தாம் வகுப்புகளில்தான் தந்தை பள்ளிக்கு இன்னும் மிகுதியாகச் செல்ல வேண்டும்.

தந்தை இல்லாத பிள்ளைகளுக்குப் பாட்டனாரோ தாய்மாமனோ சிற்றப்பாவோ இக்கடமையை ஏற்கலாம். விளையாட்டு விழாவில் தனக்காகக் கைதட்ட ஒருவர் இருக்கிறார் என்பது அப்பிள்ளைக்குப் பெருந்துணை.

பள்ளியும் ஒரு கூட்டுறவே

நம் முன்னோர் பள்ளியை ஊர்ப் பொதுச்சொத்தாகவே கருதினர். 1956இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்திற்கு ஊரார் தானியமும் காய்கறியும் கொடுத்தனர். 1958 முதல் நடைபெற்ற பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் முயற்சியால், கட்டடம், மேசை, நாற்காலி, சீருடை என எண்ணிறந்த பொருள்கள் மக்களின் நன்கொடையாகச் சேர்ந்தன. இன்று நூலும் சீருடையும் உணவும் அரசாங்கமே அளிக்கிறது. 2022 முதல் காலை உணவும் அளிக்கப்படுகிறது. அந்தச் சீருடைக்கான துணியை நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் நெய்து தருகின்றன. நாம் நெய்த துணி நாள்தோறும் பள்ளிக்குச் செல்கிறது. நாம் செல்லாதிருப்பது முறையன்று.

2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசுப் பள்ளிகளில் மேலாண்மைக் குழு இருத்தல் வேண்டும். அதன் உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தை வகுப்பதும், வரும் தொகை முறையாகச் செலவாவதைக் கண்காணிப்பதும் அதன் பணிகள். தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டில் இக்குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைப் பெற்றோரைக் கூட்டி அறிவிப்பது ஆசிரியரின் கடமை என்றும் அச்சட்டம் விதிக்கிறது. ஆகவே பள்ளிக்குச் சென்று கேட்பது நம் உரிமை. யாரிடமும் தயவு வேண்டி நிற்பது அன்று.

கூட்டுறவு அங்கத்தினர்க்கு இது புதிய பாடம் அன்று. மகாசபைக் கூட்டத்திற்கு அங்கத்தினர் வராத சங்கம் என்னவாகும் என்பதை நாம் அறிவோம். கணக்கைக் கேட்கவும், தீர்மானத்தை முன்மொழியவும், பிறர் கருத்தைப் பொறுமையோடு கேட்கவும் சங்கத்தில் பழகியவர்கள் நாம். அப்பழக்கத்தைப் பள்ளிக் கூட்டத்திற்கும் கொண்டு செல்ல வேண்டும். தாய்மார்களுக்குரிய இடத்தைத் தந்தையர் கவர்ந்துகொள்ளாமல், அவர்களுக்குத் துணையாக அமர்தல் வேண்டும்.

சங்கம் செய்யக்கூடியது

தந்தையர் கூலியை இழக்காமல் பள்ளிக்குச் செல்லச் சங்கங்களும் உதவ முடியும். பள்ளிக் கூட்டம் நடைபெறும் நாளைத் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே கேட்டறிந்து சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கலாம். நூல் வழங்கும் நாளும் துணி ஒப்படைக்கும் நாளும் அதே தேதியில் வாராதபடி பார்த்துக்கொள்ளலாம். தீபாவளிக்கு முன்னர் தறிவேலை மிகும் காலத்திலேயே காலாண்டுத் தேர்வும் வருகிறது. தை அறுவடைக்குச் சற்று முன்பாக அரையாண்டுத் தேர்வு வருகிறது. இவற்றை முன்கூட்டி எண்ணி வேலையை வகுத்துக்கொண்டால் தேர்வு நாட்களில் பிள்ளையை ஏவும் தேவை நேராது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாவு நீட்ட இயலாமல் தறி ஓய்ந்திருக்கும் நாட்களைப் பிள்ளைகளோடு படிக்கவும் பேசவும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

நம் பிள்ளைகளிற் பலர் தறிக்கோ ஏருக்கோ திரும்பி வாராமற் போகலாம். அது அவர்தம் விருப்பம். எத்தொழிலை மேற்கொண்டாலும், தம் தந்தை தம்மை அறிந்தவர், தம் பள்ளிவாசல் வரை வந்தவர் என்னும் நினைவு அவர்களோடு செல்லும். வீட்டிற்கு வரும்போது பேசுவதற்குப் பொருளும் இருக்கும். கல்வி வளர்ச்சி நாளாகிய ஜூலை 15, குழந்தைகள் நாளாகிய நவம்பர் 14, ஆண்டு விழா, பெற்றோர் கூட்டம் என ஓராண்டில் வரும் நாட்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கும். அந்நாட்களிலேனும் நாடாவைத் தறியில் வைத்துவிட்டு, மண்வெட்டியைச் சுவரிற் சாய்த்துவிட்டு, ஒவ்வோர் அங்கத்தினரும் தம் பிள்ளையின் பள்ளிக்குச் சென்று வருவாராக.